முயல் சாறும் நாய்க் கணையமும்: சவ்வுப் புரதச் சோதனைக்கான ஒரு கிட், எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரு சவ்வுப் புரதம் செல்லின் சவ்வுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் எப்படி மடிகிறது, மற்றப் புரதங்களோடு எப்படிச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகிறது ஆகிய மூன்றையும் ஒரு சிறு குழலுக்குள்ளேயே நடத்திப் பார்க்கலாம் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டு விற்கப்படும் கிட் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் எட்டு மாதங்களாகப் பயன்படுத்திவருகிறோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இவ்வகைக் கிட் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் பெயரை விடச் சரக்கைப் பற்றிப் பேசுவதே பயனுள்ளது. அச்சிட்ட மூன்று வாக்குறுதிகளில் முதலாவதை இந்தக் கிட் மிக நன்றாக நிறைவேற்றுகிறது, இரண்டாவதை அரைகுறையாகத் தொடுகிறது, மூன்றாவதை வாங்கியவர்தான் தம் சொந்த உழைப்பால் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் முக்கியமானவை இரண்டே பொருள்கள். ஒன்று முயல் ரெட்டிகுலோசைட் லைசேட், அதாவது உட்கரு நீங்கியும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் நீங்காத, முழுதும் முதிராத சிவப்பணுக்களை உடைத்து எடுத்த சாறு. மற்றொன்று நாயின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த மைக்ரோசோம்கள், அதாவது கணையச் செல்லை அரைக்கும்போது துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் தானாகவே வாய் மூடிக்கொண்ட, சவ்வுப் புரதங்கள் செருகப்படும் இடமான எண்டோபிளாச வலையின் நுண்குமிழ்கள். இந்த இணை ஏதோ ஒரு விற்பனைக் குழு யோசித்துச் சேர்த்ததன்று. 1975 இல் குந்தர் புளோபெலும் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனும் நாய்க் கணையச் சவ்வையும் முயல் ரைபோசோம்களையும் சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுத்த, புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவையும் ஒரே குழலில் சேர்த்து, புரதத்தின் முனையிலுள்ள ஒரு சிறு சமிக்ஞைத் துண்டே அதைச் சவ்வுக்கு அழைத்துச் செல்கிறது என்று காட்டினார்கள். புளோபெலுக்கு 1999 இல் நோபெல் பரிசு கிடைத்ததும் அந்தச் சமிக்ஞைக் கருத்துக்காகத்தான். மற்ற விலங்குகளின் கணையத்தோடு ஒப்பிடுகையில் நாயின் கணையத்தில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி குறைவு என்பதால் அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த உறுப்பே அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உறைகுழலில் வந்து சேர்கிறது. முயல் சாற்றுக்கும் இப்படி ஒரு பழைய கடன் உண்டு. அந்தச் செல்களில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் குளோபின் எம்ஆர்என்ஏவைக் கால்சியம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் ஒரு நியூக்ளியேஸ் கொண்டு அழித்துவிட்டு, பிறகு ஈஜிடிஏ சேர்த்துக் கால்சியத்தைப் பிடித்து அந்த நொதியையே முடக்கும் உத்தியை 1976 இல் பெல்ஹாமும் ஜாக்சனும் வெளியிட்டார்கள். நாம் கொடுக்கும் எம்ஆர்என்ஏவை மட்டும் அந்தச் சாறு மொழிபெயர்ப்பது அதனால்தான்.

உறைநிலையில் வந்து சேருவதுதான் முதல் சோதனை. எங்களுக்கு வந்த முதல் பெட்டி இடையில் எங்கோ தங்கிவிட்டதில் உலர்பனி முழுவதும் ஆவியாகி, லைசேட் குழல்கள் உருகிய நிலையில் கைக்கு வந்தன. உருகிய லைசேட்டை மறுபடி உறைய வைத்துப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அதன் திறன் ஒவ்வோர் உறைதல் உருகலிலும் இறங்கும், அறை வெப்பத்தில் சில மணி நேரம் இருந்த சரக்கு என்றால் பேச்சே இல்லை. விற்பனைப் பிரதிநிதி மறுபேச்சின்றி மாற்றிக்கொடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்; ஆனால் இரண்டாவது பெட்டி வர ஆறு வாரம் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றிலிருந்து பெட்டியைத் திறந்தவுடன் குழல்களை எடுக்காமல், உலர்பனி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

கையேடு நேர்த்தியானது. லைசேட்டை உள்ளங்கையில் உருட்டி விரைவாக உருக்கி உடனே ஐஸில் வைக்கச் சொல்கிறது. மைக்ரோசோம்களையோ நேரடியாக ஐஸிலேயே மெதுவாக உருக்கச் சொல்கிறது. இரண்டையும் சுழற்கலக்கியில் வைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கிறது. 25 மைக்ரோலிட்டர் வினை ஒன்றுக்கு மைக்ரோசோம் ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரோலிட்டர் போதும். கூடுதலாகச் சேர்த்தால் கூடுதலாகச் செருகப்படும் என்று எண்ணுவது இயல்பு. எங்கள் ஆய்வு மாணவி ஒருவர் அப்படித்தான் நான்கு மைக்ரோலிட்டர் சேர்த்தார், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டையே மங்கிவிட்டது, ஏனெனில் சவ்வு மிகுந்தால் மொழிபெயர்ப்பே தடைபடுகிறது. ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குவதே சரி. கையேடு இதைச் சொல்கிறது, ஆனால் பின்னிணைப்பில் சொல்கிறது.

கிட்டோடு வரும் கட்டுப்பாட்டு எம்ஆர்என்ஏக்கள் இரண்டும் நல்ல தேர்வுகள். பாக்டீரியாவின் பீட்டா லாக்டமேஸ் சமிக்ஞைத் துண்டோடு பிறந்து, குமிழுக்குள் நுழைந்ததும் அந்தத் துண்டு வெட்டப்பட்டு, ஜெல்லில் சற்றுக் கீழே இறங்கி ஓடும். ஈஸ்ட்டின் ஆல்ஃபா காரணி நேர்மாறாக, உள்ளே போனதும் மூன்று இடங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 18 கிலோடால்டனிலிருந்து (புரத எடையின் அலகு) 30 ஐத் தாண்டி மேலே ஏறிவிடும். ஒன்று இறங்கியும் மற்றொன்று ஏறியும் ஒரே ஜெல்லில் அருகருகே தெரிந்தால் அந்தத் தொகுதியின் சவ்வு உயிரோடு இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு வந்த மூன்று தொகுதிகளில் இரண்டில் ஆல்ஃபா காரணியின் பெரும்பகுதி மேலே ஏறியது. மூன்றாவதில் பாதி மட்டுமே ஏறியது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தரச் சான்று மூன்றுக்கும் ஒன்றாகவே இருந்தது என்பது ஒரு குறை.

இனி முக்கியமான சோதனைக்கு வருகிறேன். சவ்வின் நடுவே உள்ள கொழுப்புப் பகுதியின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். ஆல்ஃபா சுருளில் ஓர் அமினோ அமிலம் 0.15 நானோமீட்டர் உயரம் தரும். ஆகவே ஏறத்தாழ 20 அமினோ அமிலம் நீளமுள்ள, நீரை வெறுக்கும் ஒரு சுருள் சவ்வை ஒரு முறை கடக்கும். கணக்கு இவ்வளவு எளிது என்றாலும், எவ்வளவு நீர்வெறுப்பு இருந்தால் செல் ஒரு துண்டைச் சவ்வுக்குள் விடும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, ஏனெனில் அந்தத் துண்டு கொழுப்புக்குள் தானாக விழுவதில்லை. ரைபோசோமிலிருந்து பிறந்துகொண்டிருக்கும்போதே செக்61 என்னும் வாயிலுக்குள் நூல்போல இழுக்கப்பட்டு, நேராகக் கடந்து உட்புறம் போவதா, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சவ்வுக்குள் நழுவுவதா என்று அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது. அந்த வாயிலுக்குப் பக்கவாட்டில் திறப்பு இருக்கக்கூடும் என்பதை 2004 இல் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர் வகை ஒன்றிலிருந்து எடுத்த உறவுப் புரதத்தின் படிக அமைப்பு தெளிவாக்கியது. தீர்மானத்தின் விதியை அளந்தவர்கள் 2005 இல் ஹெஸ்ஸாவும் குன்னர் ஃபான் ஹெய்னேயும் அவர்களது சகாக்களும். அவர்கள் பயன்படுத்திய அமைப்பு இந்தக் கிட்டில் இருப்பதேதான்; எனவே அவர்களது சோதனையையே திருப்பிச் செய்து பார்ப்பதை விடச் சிறந்த மதிப்பீட்டு முறை எனக்குத் தோன்றவில்லை.

முறை அழகானது. ஈ. கோலை பாக்டீரியாவின் லீடர் பெப்டிடேஸ் புரதத்துக்குச் சவ்வைக் கடக்கும் சுருள்கள் இரண்டு உண்டு. அவற்றுக்குப் பின்னே நீண்டு கிடக்கும் பெரிய பகுதி குமிழின் உட்புறம் போய்ச் சேரும். அந்தப் பகுதியின் நடுவே நாம் சோதிக்க விரும்பும் 19 அமினோ அமிலத் துண்டைச் செருகி, அதற்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகச் சர்க்கரைச் சங்கிலி ஏறக்கூடிய இரண்டு இடங்களை வைக்க வேண்டும். சர்க்கரை ஏற்றும் நொதி குமிழின் உட்புறத்தில் மட்டுமே இருக்கிறது. சோதனைத் துண்டு சவ்வில் தங்கிவிட்டால் அதற்குப் பின்னுள்ள பகுதி வெளியே நின்றுவிடும், முதல் இடத்தில் மட்டும் சர்க்கரை ஏறும். துண்டு தங்காமல் முழுதும் உள்ளே போய்விட்டால் இரண்டிலும் ஏறும். ஒரு சங்கிலி ஏறினால் எடை ஏறத்தாழ இரண்டரை கிலோடால்டன் கூடும். ஆகவே ஜெல்லில் ஒற்றைப் பட்டையும் இரட்டைப் பட்டையும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், செல்லின் வாயில் அந்தத் துண்டைப் பற்றி என்ன தீர்மானித்தது என்பது எண்ணாகவே கிடைத்துவிடும்.

முழுவதும் அலனின் என்னும் அமினோ அமிலத்தால் ஆன துண்டில் தொடங்கி, நீரை அதிகம் வெறுக்கும் லூசினை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனோம். லூசினே இல்லாத துண்டு ஏறத்தாழ முழுவதும் உள்ளே கடந்து சென்றது. மூன்று, நான்கு லூசின் வந்ததும் பாதிக்குப் பாதி. ஆறு வந்தபோது பெரும்பாலும் சவ்வில் தங்கிவிட்டது. 2005 இல் வெளியான வளைகோட்டின் மேல் எங்கள் புள்ளிகளை வைத்துப் பார்த்தபோது மிகச் சிறிய விலகலே இருந்தது. பிறகு லூசின் நிறைந்த ஒரு துண்டின் நடுவே மின்னூட்டம் கொண்ட ஓர் அஸ்பார்ட்டிக் அமிலத்தை வைத்தோம். தங்கும் அளவு சரிந்துவிட்டது. அதே அஸ்பார்ட்டிக் அமிலத்தைத் துண்டின் ஓரத்துக்கு நகர்த்தினோம். பாதிப்பு மிகக் குறைந்தது. வெளியான அளவுகோலின்படி நடுவில் ஐசோலூசின் ஒன்று நுழைவை மோலுக்கு 0.6 கிலோகலோரி அளவுக்கு எளிதாக்குகிறது, அஸ்பார்ட்டிக் அமிலமோ ஏறத்தாழ 3.5 கிலோகலோரி அளவுக்குக் கடினமாக்குகிறது. இந்த நுட்பத்தை ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தரும் சரக்கு, அட்டையில் சொல்லும் முதல் வாக்குறுதியைப் பொறுத்தவரை, தன் விலைக்கு நியாயம் செய்கிறது என்றே சொல்வேன்.

திசையையும் இது சரியாகவே காட்டுகிறது. சவ்வைக் கடக்கும் சுருளின் எந்தப் பக்கத்தில் நேர்மின் கொண்ட லைசினும் ஆர்ஜினினும் மிகுந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் செல்லின் உட்பக்கமான சைட்டோசோலில் நிற்கும் என்பது ஃபான் ஹெய்னே 1986 இல் கண்ட விதி. எங்களிடமிருந்த ஒற்றைச் சுருள் புரதம் ஒன்றின் முன்பக்கத்திலிருந்த மூன்று லைசின்களைப் பின்பக்கம் மாற்றியதும், குமிழுக்கு வெளியே நிற்கும் புரதப் பகுதியை நொதியால் செரித்துப் பார்க்கும் புரோட்டீனேஸ் சோதனையில் பாதுகாக்கப்படும் துண்டின் அளவு மாறிப்போனது. இந்தச் சோதனைக்குத் தேவையான புரோட்டீனேஸ் கே, அதை நிறுத்தும் பிஎம்எஸ்எஃப், குமிழை உடைத்துப் பார்ப்பதற்கான டிரைட்டான் மூன்றையும் நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். டிரைட்டான் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழல் இல்லாமல் செய்யப்படும் எந்தப் புரோட்டீனேஸ் சோதனையையும் நம்ப வேண்டாம் என்பது கிட்டைப் பற்றிய கருத்தன்று, செய்கிறவர்களுக்கான வேண்டுகோள்.

ஜெல் ஓட்டும் இடத்தில்தான் பழக்கம் வேண்டும். முதல் நாள் எங்கள் ஜெல்லின் கீழ்ப்பகுதியில் எல்லா வரிசைகளும் வயிறு வீங்கினாற்போல் பிதுங்கியிருந்தன. காரணம் எளிது: லைசேட் அடர்சிவப்பாக இருப்பதே ஹீமோகுளோபினால்தான், அதன் குளோபின் சங்கிலிகள் 16 கிலோடால்டன் அருகே மலைபோல் குவிந்து, அங்கே ஓடும் சிறிய புரதங்களின் பட்டைகளை இருபுறமும் தள்ளிவிடுகின்றன. ஆகவே 20 கிலோடால்டனுக்குக் கீழே ஓடும் சவ்வுப் புரதத்தை இந்தக் கிட்டில் ஆராய விரும்புபவர்கள், வினை முடிந்ததும் குமிழ்களை ஒரு சர்க்கரைக் கரைசலின் மேல் வைத்து மையவிலக்கத்தில் சுழற்றிப் பிரித்து, அடியில் படிந்த இளஞ்சிவப்புப் புள்ளியை மட்டும் எடுத்து ஓட்ட வேண்டும். அந்தப் புள்ளி கடுகை விடச் சிறியது. குழலை எந்தப் பக்கம் வைத்துச் சுழற்றினோம் என்று பேனாவால் குறி வைக்காவிட்டால், பிப்பெட் முனை அதை உறிஞ்சிக் கழிவில் போட்டுவிடும். இன்னொன்று, மாதிரியைக் கொதிக்க வைப்பது. கரையும் புரதங்களுக்கு 95 டிகிரியில் ஐந்து நிமிடம் என்பது கைப்பழக்கமாகவே ஆகியிருக்கும். பல சுருள்கள் கொண்ட சவ்வுப் புரதத்தை அப்படிச் செய்தால் அது திரண்டு, ஜெல்லின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு, கீழே ஒன்றுமே தெரியாது. 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். இதைக் கையேடு ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பது, சவ்வுப் புரதத்துக்கென்றே விற்கப்படும் ஒரு பொருளுக்குப் பெருங்குறை.

புரதத்தைக் கண்ணுக்குக் காட்ட சல்ஃபர்-35 ஏற்றிய மெத்தியோனைனைத்தான் கையேடு முதலில் பரிந்துரைக்கிறது. கதிரியக்கப் பொருளுக்கான அனுமதி இல்லாத ஆய்வகங்களுக்காக, ஒளிரும் லைசின் ஏற்றிய டிஆர்என்ஏவை (அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து வரும் மூலக்கூறு) தனியாக விற்கிறார்கள். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தோம். ஒளிரும் முறையில் ஒரு மணி நேரத்திலேயே படம் கிடைத்துவிடுகிறது, ஆனால் ஒற்றைப் பட்டையையும் இரட்டைப் பட்டையையும் நம்பகமாக அளக்குமளவு கூர்மை வரவில்லை. சல்ஃபர்-35 இன் அரைவாழ்வு ஏறத்தாழ 87 நாள். வாங்கிய குப்பியை மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடும் திட்டம் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

மடிப்பு என்னும் இரண்டாவது வாக்குறுதியைச் சோதிக்க நாங்கள் எடுத்துக்கொண்டவை தண்ணீரைக் கடத்தும் அக்குவாபோரின்கள். அக்குவாபோரின்-1, அக்குவாபோரின்-4 இரண்டின் இறுதி வடிவமும் ஏறத்தாழ ஒன்றே: சவ்வைக் கடக்கும் ஆறு சுருள்கள், நடுவே சந்திக்கும் இரண்டு அரைச் சுருள்கள், அவ்வாறான நான்கு அலகுகள் சேர்ந்த கூட்டு. ஆனால் அந்த வடிவத்தை அடையும் வழி வேறு என்பதை வில்லியம் ஸ்கக்கின் குழு 1990களிலும் 2000 ஆம் ஆண்டிலும் காட்டியது. அக்குவாபோரின்-4 பிறக்கப் பிறக்கவே ஆறு சுருள்களும் வரிசையாகச் சவ்வுக்குள் இறங்குகின்றன. அக்குவாபோரின்-1 இல் இரண்டாவது சுருளில் 49 ஆம் இடத்திலுள்ள அஸ்பராஜினும் 51 ஆம் இடத்திலுள்ள லைசினும் அந்தச் சுருளைச் சவ்வில் நிற்கவிடாமல் உட்புறம் தள்ளிவிடுகின்றன. மூன்றாவது சுருள் தலைகீழாக நிற்கிறது, நான்காவது வெளியே கிடக்கிறது. அதாவது அந்தப் புரதம் முதலில் நான்கு சுருள் புரதமாகப் பிறந்து, பிறகு சவ்வுக்குள்ளேயே புரண்டு படுத்து ஆறு சுருள் புரதமாகிறது. வடிவத்தை மட்டும் பார்த்து வழியை ஊகிக்க முடியாது என்பதற்கு இதை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கணினி கணித்துத் தரும் வடிவங்களை நாள்தோறும் பார்க்கும் இக்காலத்தில் இப்படியொரு கிட்டுக்கு இன்னும் வேலை இருப்பதும் இதனால்தான்.

கிட்டில் முதற்பாதி தெளிவாக வந்தது. இரண்டாவது சுருளுக்குப் பின் ஒரு குறிப்பானை ஒட்டிப் பார்த்தபோது, அக்குவாபோரின்-1 இல் அது குமிழின் உள்ளே பாதுகாப்பாக இருந்தது, அக்குவாபோரின்-4 இல் வெளியே நின்று புரோட்டீனேஸுக்கு இரையானது. 49, 51 ஆகிய இரு இடங்களையும் அக்குவாபோரின்-4 இல் இருப்பதுபோல் மெத்தியோனைனாகவும் லூசினாகவும் மாற்றியபோது அக்குவாபோரின்-1 உம் தன் அண்ணன் வழிக்கு வந்தது. புரண்டு படுக்கும் பிற்பாதியைத்தான் பார்க்க முடியவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் காத்திருந்து பார்த்தோம். நான்கு சுருள் நிலையிலிருந்து மாற்றம் ஏதும் நம்பும்படியாகத் தெரியவில்லை, அதற்குள் லைசேட் ஓய்ந்துவிட்டது. பிறப்பை இந்தக் குழல் காட்டுகிறது, வளர்ப்பை அல்ல. 1990 இல் போப்போவும் எங்கல்மனும் முன்வைத்த இரண்டு கட்ட மாதிரியின்படி, ஒவ்வொரு சுருளும் தனித்தனியே சவ்வில் நிலைபெறுவது முதற்கட்டம், நிலைபெற்றவை ஒன்றோடொன்று பொருந்திக் கட்டமைவது இரண்டாம் கட்டம். இந்தப் பொருளின் எல்லை அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டிலேயே கிடக்கிறது என்று கொள்ளலாம்.

ஒருங்கிணைவைப் பொறுத்தவரை பழுதை முழுவதும் கிட்டின் மேல் போடுவது நியாயமாகாது. நோயெதிர்ப்புச் செல்லின் மேல் இருக்கும் டி செல் ஏற்பி எட்டுச் சங்கிலிகள் சேர்ந்த கூட்டு. ஏற்பியின் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளின் சவ்வுப் பகுதியில் நேர்மின் அமினோ அமிலங்கள் மூன்று இருக்கின்றன, அவற்றுள் ஒவ்வொன்றும் மற்றச் சங்கிலி இணை ஒன்றிலிருந்து வரும் இரண்டு எதிர்மின் அமினோ அமிலங்களோடு கொழுப்புக்கு நடுவே கூடுவதால்தான் கூட்டமைப்பு உருவாகிறது. இந்த விதியை 2002 இல் மேத்யூ காலும் காய் வுக்கர்ப்ஃபெனிக்கும் கண்டது செல்லில்லாச் சாற்றிலும் நுண்குமிழ்களிலும்தான். ஆகவே செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் செய்ய வேண்டுமானால் கிட்டோடு வரும் கரைசலை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் டைதயோத்ரெய்ட்டால் இருக்கிறது. அது இருக்கும்வரை குமிழின் உள்ளே கந்தகப் பிணைப்புகள் உருவாகா, அவை உருவாகாமல் இந்தச் சங்கிலிகள் ஒழுங்காக மடியா, மடியாமல் சேரா. டைதயோத்ரெய்ட்டால் இல்லாத லைசேட்டைக் கேட்டு வாங்கி, ஆக்சிஜனேற்றம் பெற்ற குளுட்டதயோனைச் சேர்த்து, கடைசியில் டிஜிட்டோனின் என்னும் மென்மையான கரைப்பானால் சவ்வைக் கரைத்து, ஒரு சங்கிலியைப் பிடித்து மற்றொன்று கூடவே வருகிறதா என்று பார்த்தபோதுதான் அந்தக் கூட்டின் சங்கிலிகளான சிடி3 டெல்டாவும் எப்சிலானும் ஒன்றாக வந்தன, அதுவும் மங்கலாக. மங்கலுக்குக் காரணமும் இயற்கையானதே: இந்தச் சாறு ஒரு வினையில் தருவது நானோகிராம் கணக்கிலான புரதம், அது எண்ணற்ற குமிழ்களில் பகிர்ந்து விழுகிறது, ஒரே குமிழில் இரு சங்கிலிகளும் சந்திக்கும் வாய்ப்பு குறைவு. இங்கே சவ்வின் அளவைக் குறைத்தால் பட்டை தெளிவாகிறது என்பதை நாங்களாகவே கண்டுகொண்டோம். பெட்டியின் மேல் ஒருங்கிணைவு என்று அச்சிட்ட நிறுவனம் கையேட்டில் அதற்கென ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

வாங்குவதற்கு முன் அறிய வேண்டிய வேறொரு வரம்பும் உண்டு. நாய்க் கணையச் சவ்வில் செக்61 மட்டும் இல்லை. வால்முனையால் சவ்வில் ஒட்டும் சில புரதங்களையும் பல புரதங்களின் முதல் சுருளையும் செருகுவதாக 2018 இல் தெரியவந்த இஎம்சி கூட்டமைப்பு, பல சுருள் புரதங்களுக்கென்றே தனியாகச் செக்61 ஐச் சூழ்ந்து நிற்பதாக 2022 இல் விவரிக்கப்பட்ட துணைக் கூட்டமைப்புகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. உங்கள் புரதம் உள்ளே போயிற்று என்று கிட் சொல்லும். யார் கைபிடித்து உள்ளே விட்டார் என்று சொல்லாது. அந்தக் கேள்விக்கு, குறிப்பிட்ட ஒரு மரபணுவை நீக்கிய செல்களிலிருந்து நீங்களே மைக்ரோசோம் எடுத்து, கிட்டின் லைசேட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லைசேட்டை மட்டும் தனியாக வாங்கும் வசதி இருப்பது இதற்குப் பேருதவி. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் பீட்டா பீப்பாய்ப் புரதங்களுக்கு இந்தக் கிட் எந்த வகையிலும் பொருந்தாது. அவை பாம் என்னும் வேறொரு கூட்டமைப்பு வழியாக நுழைபவை. எங்கள் துறையிலேயே ஒருவர் அதை இதில் முயன்று ஒரு மாதத்தை இழந்தார். கொழுப்பின் வகையை மாற்றிப் பார்க்க விரும்புபவர்களுக்கும் இங்கே இடமில்லை. ஃபாஸ்ஃபடிடைல் எத்தனோலமைன் இல்லாத ஈ. கோலையில் லாக்டோஸ் கடத்தியின் சுருள்களில் ஒரு பகுதி தலைகீழாக நிற்கும் என்று டவ்ஹானின் குழு காட்டியது போன்ற சோதனைகளுக்கு, 2001 இல் தோக்கியோவில் உருவான, தூய்மைப்படுத்திய கூறுகளால் ஆன பியூர் அமைப்பையும் கையால் செய்த லிப்போசோம்கள் என்னும் கொழுப்புக் குமிழ்களையும் நாடுவதே வழி. கோதுமை முளைச் சாறு விலை குறைவுதான், பின்னணியும் சுத்தமாக இருக்கும். ஆனால் சமிக்ஞைத் துண்டைப் பிடித்து ரைபோசோமைச் சவ்வுக்கு அழைத்துச் செல்லும் எஸ்ஆர்பி துகள் அதில் போதிய அளவில் இல்லாததால் அதைத் தனியே சேர்க்க வேண்டும், சேர்த்துப் பார்த்தால் விலை வித்தியாசம் போய்விடும்.

மைக்ரோசோமை நாமே தயாரித்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செல்வளர்ப்பிலிருந்து எடுக்கலாம், எடுக்கிறோம்; ஆனால் கணையத்தின் சவ்வுக்கு இருக்கும் சுறுசுறுப்பு அதற்கு வருவதில்லை, ஏனெனில் புரதம் சுரப்பதையே தொழிலாகக் கொண்ட உறுப்பு அது. நாயும் முயலும் இதற்காகப் பயன்படுவது குறித்த நெருடல் எனக்கும் உண்டு. கேள்விக்கு வேறு வழியில் விடை கிடைக்குமானால் அந்த வழியில் தேடுவதும், இந்தக் கிட்டில் செய்வதானால் ஒவ்வொரு மைக்ரோலிட்டரையும் திட்டமிட்டுச் செலவிடுவதும் எங்கள் ஆய்வகத்தில் வழக்கமாகிவிட்டன.

ஒற்றைச் சுருளோ, இரண்டு மூன்று சுருள்களோ கொண்ட புரதத்தில் ஒரு மாற்றம் நுழைவையும் திசையையும் எப்படிப் பாதிக்கிறது என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நோய் தரும் மரபணு மாற்றம் சவ்வுப் பகுதியில் அமைந்திருந்தால் அவர்கள் செய்ய வேண்டிய முதல் சோதனையே இதுதான். பத்துச் சுருளுக்கு மேற்பட்ட பெரிய கடத்திகளை வைத்திருப்பவர்கள் ஒரு குழல் அளவுக்கு மாதிரி கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும், ஏனெனில் சங்கிலி நீளமாக நீளமாக லைசேட் பாதியில் விட்டுவிட்ட துண்டுகள் ஜெல் முழுவதும் ஏணிபோல் தெரியத் தொடங்கும். பெட்டியில் லைசேட் 40 வினைகளுக்கும் மைக்ரோசோம் 25 வினைகளுக்கும் வருகிறது என்பதை முதலில் கவனிக்கவில்லை. சவ்வு இல்லாத கட்டுப்பாட்டு வினைகளைக் கழித்துப் பார்த்தாலும் சவ்வுதான் முன்னதாகத் தீர்கிறது. அடுத்த கொள்முதல் படிவத்தில் மைக்ரோசோம் குழல் இரண்டைத் தனியாகச் சேர்த்திருக்கிறோம், டைதயோத்ரெய்ட்டால் இல்லாத லைசேட் வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதி.